கோல்ன்புரூக் ஆஸ்ட்ரிச் விடுதி: அறுபது பேரை விழுங்கிய கட்டில் உண்மையா?

வாசகர் கேள்வி, அக்டோபர் 9

ஹீத்ரோ பக்கத்தில் கோல்ன்புரூக் என்ற ஊரில் ஆஸ்ட்ரிச் என்று ஒரு பழைய குதிரை வண்டி விடுதி இருக்கிறதாம். 12-ஆம் நூற்றாண்டில் அதை நடத்தியவன், தூங்கும் விருந்தாளிகளைக் கட்டிலோடு கவிழ்த்துக் கொதிக்கும் கொப்பரைக்குள் தள்ளி அறுபது பேரைக் கொன்றானாம். அந்த ஆவிகள் இன்னும் அங்கே உலவுகின்றன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். லண்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது நடந்ததா?

அக்டோபர் 9, இரவு

விடுதி உண்மை. கட்டில், கதையில் வருவது. இந்தக் கதை முதன்முதலில் நமக்குக் கிடைப்பது தாமஸ் டெலோனி எழுதிய 'தாமஸ் ஆஃப் ரெடிங்' என்ற உரைநடைக் கதையில். டெலோனி பட்டு நெசவாளி, தெருப்பாடல்கள் எழுதியவர், 1600-ஐ ஒட்டி இறந்தவர். அந்தப் புத்தகத்தின் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய பதிப்பு 1612-இல் அச்சானது. கதை நடப்பதோ முதலாம் ஹென்றி காலத்தில், அதாவது 1100-க்கும் 1135-க்கும் இடையில். நடுவில் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு இடைவெளி. கதையில் விடுதியின் பெயரும் ஆஸ்ட்ரிச் இல்லை, கொக்கு என்று பொருள்படும் 'கிரேன்'.

அக்டோபர் 10

காணொளிகள் கொப்பரையோடு நின்றுவிடுகின்றன. முழுக் கதை அதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது, அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

ரெடிங் ஊரில் தாமஸ் கோல் என்ற பெரிய ஜவுளி வியாபாரி. லண்டனுக்குச் சரக்கு கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் கோல்ன்புரூக்கில் தங்குவது வழக்கம். தங்கும்போது பணத்தை விடுதிக்கார அம்மாளிடமே கொடுத்து, காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுப்பார். யாரை நம்பிப் பணத்தைக் கொடுத்தாரோ, அவளுக்குத்தான் அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

விடுதிக்காரன் பெயர் ஜார்மன். பணக்காரன் ஒருவன் தனியாக வந்து தங்கினால் மனைவியிடம், "கொழுத்த பன்றி ஒன்று கிடைக்கும், வேண்டுமா?" என்பான். "நாளை வரைக்கும் பட்டியில் அடைத்து வையுங்கள்" என்பாள் அவள். அப்படியென்றால் அந்த ஆளுக்குச் சமையலறைக்கு நேர் மேலே இருக்கும் அறை. வீட்டிலேயே நல்ல அறை அதுதான். கட்டில் தரையோடு ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். கீழே இரண்டு இரும்பு முளைகளை உருவினால் தரைப்பலகை திறந்துகொள்ளும், படுத்திருப்பவன் தலைகீழாகக் கொப்பரைக்குள் விழுவான். உடலை ஆற்றில் போட்டுவிட்டு, காலையில் கேட்பவர்களிடம் விடியுமுன்னே கிளம்பிவிட்டார் என்று சொன்னால் போதும்.

கோல் பல முறை தப்புகிறார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது. கடைசி இரவில் அவருக்குக் காரணம் தெரியாத மனபாரம். ஆந்தை அலறுகிறது, அண்டங்காக்கை கரைகிறது, மூக்கிலிருந்து ரத்தம் வடிகிறது. உட்கார்ந்து உயில் எழுதுகிறார், நொடித்துப்போன நண்பர் ஒருவருக்கு 200 பவுண்டு ஒதுக்குகிறார். அப்புறம் படுக்கிறார். இந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. ஒரு மனிதன் தன் சாவின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கடன்பட்ட நண்பனை நினைக்கிறான்.

கொலையைக் காட்டிக்கொடுப்பது ஆவி இல்லை. கோலின் குதிரை. அது லாயத்திலிருந்து வெளியேறி எங்கோ போய்விடுகிறது. கோலைத் தேடி அவர் மனைவி ஆள் அனுப்புகிறாள். குதிரை அகப்பட்டதும் குட்டு உடைகிறது. ஜார்மன் விண்ட்சர் காட்டுக்குள் ஓடுகிறான், மனைவி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், இருவரும் தூக்கில் தொங்குகிறார்கள். அறுபது என்ற எண்ணிக்கை, பிடிபட்ட ஜார்மன் கொடுத்த வாக்குமூலத்தில் வருவது.

அக்டோபர் 10, சற்று நேரம் கழித்து

முக்கியமானது ஒன்று விட்டுப்போனது. கதையின் முடிவில் மன்னர், கோல் இறந்த வீட்டை முழுவதுமாக எரித்துவிடும்படியும், அந்தச் சபிக்கப்பட்ட நிலத்தில் இனி யாரும் எதையும் கட்டக் கூடாது என்றும் ஆணையிடுகிறார். அதாவது கதையை நம்பினால் ஜார்மனின் வீடு சாம்பலாகிவிட்டது, ஆவி உலவ அறையே மிச்சமில்லை. "இதே அறையில்தான்" என்று சொல்பவர்கள் கொலையை மட்டும் எடுத்துக்கொண்டு நெருப்பை விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 12

இல்வலன், வாதாபி கதை நினைவுக்கு வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் வந்தது. விருந்துக்கு அழைத்தவனே கொல்கிறான் என்ற இடத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இல்வலனுக்கு முனிவர்கள் மேல் பகை இருந்தது. ஜார்மனுக்குக் கோல் மேல் எந்தப் பகையும் இல்லை. நல்ல அறை கொடுக்கிறான், கனிவாகப் பேசுகிறான். பணப்பை மட்டும்தான் குறி. வழிப்பயணம் செய்கிற வியாபாரிக்கு இந்த வகை ஆள்தான் பயம்.

அக்டோபர் 13

கட்டிடம் பற்றிக் கேட்டவருக்கு. விடுதி தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆண்டு 1106. இங்கிலாந்தின் மிகப் பழைய விடுதிகளில் மூன்றாவது என்ற பெருமையும் சொல்லப்படும். இன்று தெருவில் நின்று பார்க்கிற கட்டிடம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரச்சட்டக் கட்டுமானம், தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் மாடி, வண்டி உள்ளே போக நடுவில் ஒரு வாயில்.

அந்த வாயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜார்மன் காலத்தில் பயணிகள் குதிரை மேல் வந்தார்கள், இல்லாவிட்டால் நடந்து வந்தார்கள். கோச் வண்டிகளின் பொற்காலம் மிகவும் பிந்தியது. 1784 ஆகஸ்ட் 2 அன்று ஜான் பாமரின் முதல் அஞ்சல் வண்டி பிரிஸ்டலிலிருந்து மாலையில் புறப்பட்டு, பாத் நகரம் வழியாக, மறுநாள் காலை லண்டன் போய்ச் சேர்ந்தது. சுமார் 16 மணி நேரம். அன்றைக்கு அது நம்ப முடியாத வேகம். அந்த பாத் சாலையில்தான் கோல்ன்புரூக் இருக்கிறது, லண்டனிலிருந்து 17 மைல் தொலைவில். ஏறத்தாழ பத்து மைலுக்கு ஒரு முறை குதிரை மாற்றியே ஆக வேண்டும். சாலையோரம் இத்தனை விடுதிகள் முளைத்ததற்குக் காரணம் அந்தக் குதிரைகள்தான்.

கிழக்கே ஹவுன்ஸ்லோ பொட்டல்வெளி, வழிப்பறிக்காரர்களுக்குப் பேர்போனது. அஞ்சல் வண்டியின் காவலர் அகலவாய்த் துப்பாக்கி ஒன்றும் கைத்துப்பாக்கி இரண்டும் வைத்திருந்தார். பொட்டலைத் தாண்டி விடுதி வெளிச்சத்தைப் பார்க்கும்போது அந்தப் பயணிகளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! இந்தக் கதையோ அந்த நிம்மதியைத்தான் குறிவைக்கிறது. சாலையில் இருப்பவன் முகமூடி போட்ட திருடன், அவனை அடையாளம் தெரியும். வாசலில் விளக்கோடு வரவேற்பவனை எப்படி அடையாளம் காண்பது?

அக்டோபர் 13, பிற்பகல்

கட்டில் வேலை செய்திருக்குமா என்றால், பொறி செய்வது கடினமில்லை. விடுதியில் அதன் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் ஆள் மூழ்கும் அளவு கொப்பரையை நள்ளிரவில் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே பலகைத் தரை, இடுக்கு வழியாக நீராவியும் வெளிச்சமும் மேலே வரும். வேலைக்காரர்கள் லாயத்திலும் அடுக்களையிலும் படுத்திருப்பார்கள். அறுபது முறை யாருக்கும் தெரியாமல் நடந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அக்டோபர் 15

"நீங்கள் எப்போதாவது இப்படிப்பட்ட இடத்தில் தங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கியிருக்கிறேன், ஆஸ்ட்ரிச்சில் இல்லை. இதே பாத் சாலையில் மேற்கே, வில்ட்ஷயரில் ஒரு பழைய வண்டி விடுதி. பனியில் சாலையை மூடிவிட்டார்கள், வேறு வழியில்லை. எனக்குக் கிடைத்தது வண்டி வாயிலுக்கு மேலே இருந்த அறை. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, பேனாவை வைத்தால் சுவர் வரைக்கும் உருளும்.

நடு இரவில் விழித்தேன். கதவு திறந்திருந்தது. தாழிட்டுவிட்டுப் படுத்ததாகத்தான் நினைவு. கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் நிற்கிறார். முகம் தெரியவில்லை, ஆனால் நிற்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, கத்த முடியவில்லை. நெஞ்சின் மேல் பாரம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு கை அசைந்தது, விளக்கைப் போட்டேன், யாரும் இல்லை. விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை.

இதில் என் மனதில் பதிந்தது வேறு விஷயம். அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணம் 'பேய்' அல்ல. 'இந்த அறைக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?' என்பதுதான். கீழே சூப் கொடுத்து அன்பாகப் பேசிய மனிதரைக்கூட ஒரு நொடி சந்தேகப்பட்டேன். நான் டெலோனியின் கதையைப் படித்தது அதற்குப் பின்னால்தான். படித்தபோது, நான் பயந்ததும் இதற்குத்தான் என்று தோன்றியது.

அக்டோபர் 16

"அது தூக்க முடக்கம், நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள்" என்று எழுதியவருக்கு: ஆமாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உடல் தூக்கத்தில் தளர்ந்தபடியே இருக்க, மூளை மட்டும் முந்தி விழித்துக்கொள்கிற நிலை. அறையில் யாரோ இருப்பது போன்ற உணர்வும் நெஞ்சுப் பாரமும் அதன் வழக்கமான அடையாளங்கள்.

புதிய இடம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு ஆழ்ந்த தூக்கத்தின்போதும் மூளையின் இடது பாதி முழுதாக உறங்குவதில்லை, விசித்திரமான சத்தத்துக்கு அது சட்டென்று எதிர்வினை காட்டுகிறது. அதாவது விடுதிக்கு வந்தவன் பாதி காவல் காத்துக்கொண்டேதான் தூங்குகிறான். இதைப் படித்ததிலிருந்து ஏன் வீட்டுப் பேய்க் கதையைவிட விடுதிப் பேய்க் கதை அதிகம் ஒட்டிக்கொள்கிறது என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

கதவு? பழைய ஓக் சட்டம் நூற்றாண்டுகளாக வளைந்து சாய்ந்திருக்கும். தாழ் சரியாக விழாது, இரவில் தானாகவே நழுவும்.

அக்டோபர் 17

காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அந்தக் கருத்து கவெண்ட்ரியைச் சேர்ந்த விக் டாண்டியிடமிருந்து வந்தது. அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்கு அச்சமும் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவமும் தெரிந்தன. காரணம் ஒரு மின்விசிறி. அதிலிருந்து சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு வந்தது. 1998-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அருமையான வேலை. ஆனால் அது ஓர் அறையைப் பற்றிய விளக்கம். அதை எடுத்து இங்கிலாந்தின் ஒவ்வொரு விடுதிக்கும் பொருத்துவது, கொப்பரைக் கதையை அளக்காமல் நம்புவது போலத்தான். ஹீத்ரோ விமானங்கள் தலைக்கு மேல் போகும் கோல்ன்புரூக்கில் தாழ்ந்த ஒலிக்குப் பஞ்சமில்லை, சரி. யாராவது கருவியோடு போய் அளந்து சொன்னால் கேட்கத் தயார்.

அக்டோபர் 19

மற்ற விடுதிகளைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

நார்தாம்ப்டன்ஷயரில் அவுண்டல் என்ற சிற்றூரில் டால்பட் விடுதி. அங்கே ஸ்காட்லாந்து ராணி மேரியின் ஆவி படியிறங்குகிறது என்பார்கள். மேரி அங்கே தங்கியதில்லை. சில மைல் தள்ளி ஃபோதரிங்கே கோட்டையில் 1587 பிப்ரவரி 8 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. டால்பட் 1626-இல் திரும்பக் கட்டப்பட்டது, அப்போது கோட்டையின் படிக்கட்டைக் கொண்டுவந்து பொருத்தினார்கள் என்பது ஊர் வழக்கு. ஆவி இடத்தைவிட்டு வரவில்லை, மரத்தோடு வந்தது என்கிறார்கள்! எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கைப்பிடியில் மேரியின் மோதிரம் பதித்த தடம் என்று ஓர் அடையாளத்தைக்கூடக் காட்டுவார்கள். நான் அதை நம்பவில்லை, ஆனால் அந்தப் படியில் ஏறினால் கை தானாக அந்த இடத்தைத் தேடும்.

சஃபோக்கில் லாங் மெல்ஃபோர்டு ஊரின் புல் விடுதி. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் ரிச்சர்ட் எவரெட் என்பவரை ரோஜர் கிரீன் என்பவர் விடுதிக்குள்ளேயே கொன்றார். பெயரோடு சொல்லப்படும் கொலை இது. ஆனால் அறுபது பேரைக் கொன்ற ஜார்மனுக்கு இருக்கும் புகழில் கால்வாசிகூட இதற்கு இல்லை. இரண்டு பேர் சண்டையிட்டு ஒருவர் செத்ததில் நாம் நம்மைப் பார்ப்பதில்லை. நம்பித் தூங்கியவனைக் கொன்றதில் பார்க்கிறோம்.

கார்ன்வாலின் பாட்மின் பொட்டலில் ஜமைக்கா விடுதி, 1750-ஐச் சேர்ந்தது. ஒரு வெளியூர்க்காரர் பீர் குடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ வெளியே கூப்பிட்டார்கள், பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார், காலையில் பொட்டலில் பிணமாகக் கிடந்தார். நடைவழியில் கேட்கும் காலடி அவர் மிச்சத்தைக் குடிக்க வருவது என்கிறார்கள். அவர் யார் என்பதைக் கதை சொல்வதில்லை. ஊர் தெரியாத இடத்தில் பெயர் தெரியாமல் சாவது எப்படிப்பட்ட சாவு!

அக்டோபர் 20

வழிப்பறிக்காரன் டிக் டர்பின் ஆஸ்ட்ரிச்சின் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினான் என்று எழுதியிருப்பவருக்கு. இங்கிலாந்தில் டர்பின் குதிக்காத விடுதி ஜன்னலே இல்லை போலிருக்கிறது. அவனை யார்க்கில் 1739 ஏப்ரல் 7 அன்று தூக்கிலிட்டார்கள், குற்றம் குதிரைத் திருட்டு. லண்டனிலிருந்து யார்க்குக்கு ஒரே ஓட்டமாகக் குதிரையில் போன புகழ் 1834-இல் வந்த ஒரு நாவலால் அவனுக்கு ஒட்டியது. இங்கேயும் புத்தகத்திலிருந்து விடுதிக்குக் கதை போயிருக்கிறது, விடுதியிலிருந்து புத்தகத்துக்கு வரவில்லை.

அக்டோபர் 24

சில நாட்களாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் 'கொலை நடக்கவில்லை, அதனால் ஆவியும் இல்லை' என்று முடித்துவிடத் தோன்றியது. இப்போது அது போதாது என்று நினைக்கிறேன். டெலோனியே நெசவுத் தொழிலாளி. சரக்கோடு சாலையில் போகிறவர்களின் உலகம் அவருக்கு நெருக்கமானது. அந்த ஆட்கள் ஒவ்வொரு பயணத்திலும் முன்பின் தெரியாத ஒருவன் வீட்டில், பணத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அந்தப் பயத்துக்கு அவர் ஒரு கட்டிலைச் செய்து கொடுத்தார். பயம் கற்பனை இல்லை.

ஆவி வேட்டைக்குக் கட்டணம் வாங்கி இருட்டில் அழைத்துப்போகும் நிகழ்ச்சிகள் மேல் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். கையில் மின்னும் கருவியோடு 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கிறார்கள். கோல் உயில் எழுதியதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. இந்த விடுதிகளில் உண்மையாகவே தேய்ந்தவர்களுக்கு ஆவிக் கதை கிடையாது. நள்ளிரவில் வண்டி வந்ததும் ஓடிவந்து குதிரை மாற்றிய லாயக்காரர்கள், ஈரப் படுக்கையை அனல் சட்டியால் சூடாக்கிய வேலைக்காரப் பெண்கள், அந்தக் குதிரைகள். விரைவு வண்டிக் குதிரை சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. லண்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை 1838-இல் மெய்டன்ஹெட் வரை வந்தது, 1841-இல் பிரிஸ்டல் வரை முழுமையானது. பாத் சாலையின் வண்டிகள் ஓய்ந்தன, லாயங்கள் காலியாயின, அங்கே வேலை பார்த்தவர்கள் பெயர் இல்லாமல் போனார்கள். ஒரு பெரிய ஊரே நின்றுபோனது போன்ற அமைதி அப்போதுதான் அந்த நடைவழிகளில் வந்திருக்க வேண்டும். ஆவி கேட்பவர்கள் இவர்களையும் கொஞ்சம் கேட்கலாம்.

அக்டோபர் 25

இல்லை, 'ஆவி இல்லை என்று நிரூபியுங்கள்' என்ற சவாலுக்கு நான் வரவில்லை. அங்கே ஒன்றைப் பார்த்ததாகச் சொல்பவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன், கால்மாட்டில் நின்றவரை நானும் பார்த்தேன். 'ஜார்மன் கொன்ற அறுபது பேரில் ஒருவர்' என்று அவருக்குப் பெயர் வைக்கும்போதுதான் எழுந்து கேள்வி கேட்பேன்.

அக்டோபர் 27

பிள்ளைகளோடு கோல்ன்புரூக் போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகப் போகலாம், பகலில் போங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று மாடி எப்படித் துருத்தி நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் வண்டி வாயிலின் உயரத்தைப் பாருங்கள். கூரை மேல் உட்கார்ந்து வந்த பயணிகள் ஏன் தலையைக் குனிந்தார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆறும் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் என்றால் கொப்பரையை விட்டுவிட்டு, குதிரை காட்டிக்கொடுத்த பகுதியை மட்டும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு டெலோனியின் மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்துக்கூட்டு பழையதாக இருக்கும், சில பக்கங்களில் பழகிவிடும். கோல் கொலையாகும் அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள், மற்ற வியாபாரிகளின் கதைகள் காத்திருக்கும்.